மலைத் தீவுகளின் வண்ணத்துப் பூச்சிகள்

வண்ணத்துப் பூச்சிகளைப் பற்றி எழுத ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்டால், தகுதி ஒன்றும் இல்லை என்றே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறிய பின் பள்ளி வாசலை மிதிக்காதவன் நான். பாலக்காட்டில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். ஆயினும், சென்ற புரட்டாசியில் என் தமக்கை மகனுடைய நோட்டுப் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. அதில் பாதி காலியாய்க் கிடந்த ஒரு பக்கத்தை நிரப்ப நானும் அவனும் பட்ட பாடே இக்கட்டுரை.

என் தமக்கை மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். எங்கள் பாட்டனார் சங்கரன்கோவில் சீமையிலிருந்து மலையேறியவர். நானும் அந்த லயத்திலேதான் பிறந்து வளர்ந்தேன். பையன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். அவனுடைய ஆசிரியை ஒருநாள் ஹவாய்த் தீவுகளின் பூச்சிகளைப் பற்றிப் பாடம் சொல்லிவிட்டு, நம் மலைக்கும் அவ்வாறே ஒரு பட்டியல் எழுதி வருமாறு பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டாராம். ஒரு பத்தியில் இம்மண்ணுக்கே உரியவை; மறு பத்தியில் வெளியிலிருந்து வந்தவை.

ஹவாய் என்பது பசிபிக் மாகடலின் நட்டநடுவே, எந்தக் கண்டத்திற்கும் இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவில், வரிசையாகக் கிடக்கும் எரிமலைத் தீவுகள். காற்றில் அகப்பட்டுத் தப்பிப் பிழைத்துக் கரை சேர்ந்த பூச்சிகளே அங்கு குடியேற முடிந்தது. ஆகையால் அத்தீவுகளுக்கே உரிய வண்ணத்துப் பூச்சிகள் இரண்டே இரண்டுதான். அவற்றுள் ஒன்றுக்கு அந்நாட்டை ஆண்ட கமேஹமேஹா அரச மரபின் பெயரை இட்டு, 2009-ஆம் ஆண்டில் அதனையே மாநிலப் பூச்சி என்றும் அறிவித்திருக்கிறார்கள். அங்கே பறக்கும் ஏனைய வண்ணத்துப் பூச்சிகள் எல்லாம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. இரவில் விளக்கைச் சுற்றும் விட்டிற் பூச்சிகளின் கதையோ வேறு. அத்தீவுகளிலேயே தோன்றிய விட்டில் இனங்கள் ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டத்தின் புழுக்கள் இலை தின்பதை விட்டுவிட்டு, காய்ந்த குச்சியைப் போல் அசையாது நின்று, மேலே வந்து உட்காரும் ஈயை எட்டிப் பிடித்துத் தின்கின்றன. புழு ஈயைத் தின்னும் செய்தியைப் படித்தபோது, அச்சுப் பிழையோ என்று இருமுறை பார்த்தேன். பிழையன்று.

இவ்வளவும் பையனின் நோட்டில் அழகாக எழுதப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு பத்திகளுக்குக் கோடு கிழித்திருந்தான். கீழே ஒன்றும் இல்லை. தொலைபேசியில் அவன் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "மாமா, நம் ஊரைச் சுற்றிக் கடலே இல்லையே. நமக்குத் தீவு ஏது?"

தீவு உண்டு. கடல்தான் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனைமுடி கடல் மட்டத்திற்கு மேல் 2,695 மீட்டர் உயரம். விந்தியத்திற்குத் தெற்கே அதனினும் உயர்ந்த சிகரம் கிடையாது. அதன் சுற்றுப்புறத்து மேட்டு நிலத்தில் குளிரும் பனியும் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம். அதற்கும் கீழே முள்ளுக்காடும் வயலும். குளிருக்குப் பழகிய சிறு பூச்சிக்கு அந்த வெயில் நிலம் உப்புக் கடலுக்கு ஒப்பானது. அதனைத் தாண்ட அதனால் இயலாது. ஆதலின் நீலகிரி ஒரு தீவு. ஆனைமலையும் மூணாறு மேட்டு நிலமும் ஒரு தீவு. கொடைக்கானலை உச்சியில் கொண்ட பழனி மலை, இத்தீவோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் மற்றொரு தீவு. இவற்றை அறிஞர்கள் வானத் தீவுகள் என்றே அழைக்கிறார்கள்.

இத்தீவுகளுக்கு இடையிலுள்ள ஜலசந்திதான் நான் அன்றாடம் வேலை பார்க்கும் இடம். பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலம் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறில்லை. ரயில் பாதை போடுவதற்கு இறைவன் ஒதுக்கிய வழி என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. குளிர்மலை உயிர்களுக்கோ அது பெருந்தடை. வடகரையில் ஒரு இனமும் தென்கரையில் அதன் சகோதர இனமுமாகப் பிரிந்து வாழ்கின்றன. நீலகிரிச் சோலையில் பாடும் சிரிப்பான் பறவை வேறு. பழனி, மூணாறுச் சோலைகளில் பாடுவது வேறு. செம்மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளிகள் இட்ட ஃப்ரிட்டிலரி என்னும் வண்ணத்துப் பூச்சியிலும் அவ்வாறே, கணவாய்க்கு வடக்கே நீலகிரியின் பெயரைத் தாங்கிய ஒன்றும், தெற்கே பழனியின் பெயரைத் தாங்கிய ஒன்றும் இருக்கின்றன. எங்கள் யார்டில் நின்று பார்த்தால் இரு கரையும் நீலமாகத் தெரியும். நடுவே சரக்கு வண்டி போகும்.

சரஸ்வதி பூஜை விடுமுறையில் நான் புறப்பட்டேன். திருச்செந்தூர் வண்டியில் உடுமலைப்பேட்டை வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் அமராவதி, சின்னாறு, மறையூர் வழியாக ஏறினேன். இந்த ஒரு வழியிலேயே கடலடியிலிருந்து தீவின் உச்சி வரை பார்த்துவிடலாம். சின்னாறு மழை மறைவுப் பிரதேசம். முள்மரமும் கள்ளியுமாக இருக்கும். மறையூரில் சந்தனமும் கரும்பும். அதற்கு மேல் தேயிலை. தேயிலைக்கும் மேலே இரவிகுளத்துப் புல்வெளி.

மறுநாள் பையனை அழைத்துக்கொண்டு இராஜமலைக்குச் சென்றேன். இரவிகுளம் ஒரு காலத்தில் தோட்டத் துரைமார் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நிலம். வேட்டையாட வேண்டும் என்ற ஆசையினால் உழாமலும் நடாமலும் விட்டுவைத்தார்கள். அதனால் அது பிழைத்தது! 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 97 சதுரக் கிலோமீட்டர் பரப்பு. அங்கு வருகிறவர்கள் வரையாட்டைப் பார்த்து, இன்ன ஆண்டில் குறிஞ்சி பூக்கும் என்று கேட்டு (2018-ல் பூத்தது, இனி 2030-ல்), படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். காலடியில் தத்தித் தத்திப் பறக்கும் பழுப்பு நிறப் பூச்சியை யாரும் கவனிப்பதில்லை.

அந்தப் பழுப்புப் பூச்சிகள்தான் இத்தீவின் உண்மையான குடிகள். ரெட் டிஸ்க் புஷ்பிரவுன் என்று ஒன்று. முன்சிறகில் கண் போன்ற வட்டத்தைச் சுற்றிச் செம்மை படர்ந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள இம்மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அதற்கு வீடில்லை. பழனியின் பெயர் தாங்கிய புஷ்பிரவுன் ஒன்று. அதே பெயர் தாங்கிய, சிறகில் வளையங்கள் இட்ட ஃபோர்ரிங் ஒன்று. நீலகிரியின் பெயரைத் தாங்கிய வேங்கை இன வண்ணத்துப் பூச்சி ஒன்று நம் பக்கத்துச் சோலை ஓரங்களிலும் உண்டு. பகட்டான நிறம் எவற்றுக்கும் கிடையாது. பையன் சற்று ஏமாற்றம் அடைந்தான். புத்தகத்துப் படங்களில் இருப்பதுபோல் மயில் நிறத்தில் ஏதேனும் வரும் என்று எதிர்பார்த்திருந்தான் போலும்.

இங்கே ஒரு செய்தியைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். இதனை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். வண்ணத்துப் பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். ஆனால் எந்தச் செடியிலும் முட்டையிடாது. நம் வீட்டுக் கறிவேப்பிலையையே பாருங்கள். அதன் இலையில் பறவையின் எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, சில நாளில் பச்சை நிறமாகப் பருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். என் மனைவி அதைக் கண்டாலே துடைப்பத்தை எடுப்பாள். அதுவே பின்னர் கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையோடு வாசலில் பறந்து நம்மை மகிழ்விப்பது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகிய இந்த ஒரு குடும்பத்துச் செடிகளை விட்டால் அதன் குஞ்சுக்கு உணவில்லை. பக்கத்தில் ரோஜாத் தோட்டமே இருந்தாலும் பட்டினிதான். அதுபோலவே புஷ்பிரவுன், ஃபோர்ரிங் ஆகியவற்றின் புழுக்கள் புல்லைத் தின்று வளர்வன. ஃப்ரிட்டிலரி வகைப் புழுக்களோ, புல்லுக்குள் மறைந்து வளரும் சின்னஞ்சிறு வயலட் செடியின் இலையையே தின்பன. புல்வெளி போனால், பூ எத்தனை இருந்து என்ன?

உண்ணிச் செடியைப் பற்றி நம்மவருக்குள்ள மயக்கம் இதனால்தான். மூணாறுச் சாலை ஓரத்திலும் சின்னாற்றுக் காட்டிலும் மஞ்சளும் சிவப்புமாய்ப் பூத்துக் கிடக்கும் அச்செடி அமெரிக்கக் கண்டத்தது. 1809-ஆம் ஆண்டை ஒட்டிக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் அழகுக்காக நட்டார்கள். பறவைகள் பழத்தைத் தின்று காடெங்கும் விதைத்துவிட்டன. எப்பொழுது பார்த்தாலும் அதன்மேல் வண்ணத்துப் பூச்சிகள் மொய்த்திருக்கும். "எவ்வளவு நல்ல செடி, எத்தனை பூச்சிகளுக்குச் சோறு போடுகிறது!" என்றுதான் பையனும் சொன்னான். அவை அங்கே குடிக்க வந்தவை. பிள்ளை வளர்க்க அல்ல. அச்செடியின் அடியில் எந்தப் புல் இருந்தது, எந்தக் கொடி இருந்தது என்பதை இப்போது சொல்வாரில்லை.

ஹவாயிலும் இதே உண்ணிச் செடி தொல்லை கொடுத்தது. அவர்கள் 1902-ல் மெக்ஸிகோவிலிருந்து அதன் பகைப் பூச்சிகளைத் தேடிப் பிடித்து வரவழைத்தார்கள். அவற்றுள் இரண்டு சிறு வண்ணத்துப் பூச்சிகளும் இருந்தன. செடியைத் தின்பதற்காகவே கப்பலேறி வந்த வண்ணத்துப் பூச்சிகள்! நம் பக்கத்திலும் இதுபோன்ற காரியம் நடந்ததுண்டு. கேரளத்தில் கம்யூனிஸ்டுப் பச்சை என்று அழைக்கப்படும் செடியை அறியாதார் இல்லை. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. அதனைத் தின்று அழிப்பதற்காக டிரினிடாட் தீவைச் சேர்ந்த ஒரு விட்டிற் பூச்சியை முதலில் இலங்கையில் விட்டார்கள். பின்னர் 1980-களில் இலங்கையிலிருந்து கொண்டு வந்து, திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையில் விட்டார்கள். விட்டில் வேரூன்றியது உண்மை. ஆனால் கம்யூனிஸ்டுப் பச்சை இன்றைக்கும் எங்கள் தண்டவாள ஓரமெல்லாம் செழித்து நிற்கிறது. அதிலும் வண்ணத்துப் பூச்சிகள் தேன் குடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

பையன் இரண்டாம் பத்தியில் அந்த விட்டிலை எழுதிக்கொண்டான். அடுத்து எழுத வேண்டியவை மளமளவென்று வந்தன. உடுமலைப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வளர்க்கும் பட்டுப்புழு சீன தேசத்தது; மனிதன் வளர்த்து வளர்த்து, பறக்கும் ஆற்றலையே அது இழந்துவிட்டது. மனிதன் இலை போடாவிட்டால் அந்தச் சாதியே அற்றுப்போகும். உருளைக்கிழங்கைத் துளைக்கும் விட்டில், 1906-ல் இத்தாலியிலிருந்து பம்பாய் மாகாணத்திற்கு வந்த விதைக்கிழங்கோடு வந்து இறங்கியது. மக்காச்சோளத்தை அழிக்கும் அமெரிக்கப் படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018-ல் கர்நாடகத்திலும் காணப்பட்டு, அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டுச் சோளக் காடுகளிலும் புகுந்தது. அந்தப் பருவத்தில் உடுமலை, பல்லடப் பக்கத்து உறவினர்கள் பட்ட துயரம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த விட்டில் ஒரே இரவில் நெடுந்தூரம் காற்றோடு பறக்க வல்லது. அதனைச் சோதனைச் சாவடியில் நிறுத்த முடியாது.

வந்தவை இப்படி. போனவையும் உண்டு என்பதை அவனுக்குச் சொன்னேன். நம் எலுமிச்சைச் செடியில் வளரும் வண்ணத்துப் பூச்சி 2004-ல் மேற்கிந்தியத் தீவுகளில் டொமினிகன் குடியரசில் காணப்பட்டது. பின்னர் ஜமைக்காவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் பரவியது. இங்கே நாம் அதனை அழகு என்கிறோம். அங்கே எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் அதனைப் பீடை என்கிறார்கள்.

இதற்குள் இரவாகிவிட்டது. லயத்தில் என் தமக்கை சமையல் செய்துகொண்டே எங்கள் பேச்சைக் கேட்டிருந்தாள். "கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே கிடக்குமே ஒரு புழு, அதை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?" என்றாள். நாங்கள் இருவரும் விழித்தோம். நான் புத்தகத்தில் தேடியதை அவள் இருபது ஆண்டுகளாக விரலால் கிள்ளி எறிந்து வருகிறாள். தேயிலைக் கொழுந்தில் இரண்டு மூன்று இலையைப் பட்டு நூலால் ஒட்டிக்கொண்டு உள்ளிருந்து தின்னும் அச்சிறு புழுவும் ஒரு விட்டிலின் பிள்ளைதான். கொழுந்து எடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கிள்ளிவிடுவது பழைய வழக்கம். செந்நிறமாய் நத்தை போலத் தடித்த வேறொரு புழு உண்டு. அதிலிருந்து வெளிப்படும் விட்டில் பகலிலே பறப்பது, பச்சை மின்னும் சிறகுடையது. பல வண்ணத்துப் பூச்சிகளினும் அழகானது என்பேன். தேயிலை வெளியிலிருந்து வந்த செடி. 1880-ஐ ஒட்டித்தான் கண்ணன் தேவன் மலையில் முதன்முதல் நடப்பட்டது. இவ்விட்டில்களோ அதற்கு முன்பே இந்நாட்டுக் காடுகளில் இருந்தவை. காடு தேயிலையாக மாறவே, அவை தேயிலை தின்னப் பழகிக்கொண்டன. மண்ணுக்குரியவையாய் இருந்தவை பீடை என்னும் பெயரைப் பெற்றன.

இலங்கை மலைத் தோட்டங்களில் இவ்வாறு இலை சுருட்டும் விட்டில் ஒன்று மிகுந்த சேதம் விளைவித்தபோது, 1935-36-ல் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியைத் தருவித்து விட்டார்கள். அது புழுவின் உடலில் முட்டையிடும். குளவிக் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். அந்த முயற்சி பலித்தது. அங்குள்ள நம் மக்கள் எடுத்த கொழுந்தில் பல கோடி அக்குளவி காத்துக் கொடுத்தது.

எல்லா முயற்சியும் அவ்வாறு முடிவதில்லை. பிஜித் தீவுகளுக்கு 1903 முதல் சென்னையிலிருந்து நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றதை அறிவீர்கள். அத்தீவில் தென்னையைச் சூறையாடிய லெவுவானா என்றொரு நீலஊதா விட்டில் இருந்தது. 1925-ல் மலாயாவிலிருந்து ஒரு ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களிலேயே விட்டில் ஒடுங்கியது, தென்னை தழைத்தது. பல பத்தாண்டுகளாக அவ்விட்டிலைக் கண்டவர் எவரும் இல்லை. அதைக் காட்டிலும் வியப்பானது வேறொன்று. லெவுவானா பிஜி மண்ணுக்கே உரியதா, அன்றி வேறு தீவிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்களிடையே இன்றளவும் வழக்குத் தீரவில்லை. வேறெங்கும் அது கிடைக்கவும் இல்லை. எந்தப் பத்தியில் எழுதுவது என்று முடிவாவதற்குள் அது இல்லாமலே போயிற்று.

இதைக் கேட்டுவிட்டுப் பையன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னான். பள்ளிக்கூடத்தில் இப்பட்டியல் வேலை கொடுக்கப்பட்ட அன்றைக்கு, உடன் படிக்கும் ஒருவன் இவனுடைய நோட்டைப் பார்த்து, "பாண்டி, நீ இரண்டாவது பத்தியிலா?" என்று கேட்டானாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். அதனால்தான் பக்கம் காலியாகக் கிடந்திருக்கிறது. எழுதத் தெரியாமல் அல்ல. என் தமக்கை அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு இது புதுச் செய்தி.

எனக்குச் சட்டென்று ஒரு பதிலும் தோன்றவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்தச் சொல்லை நானும் கேட்டிருக்கிறேன்; முப்பது ஆண்டுகளுக்கு முன்னும் கேட்டேன், சென்ற மாதமும் கேட்டேன். ஆனால் அன்று பகலில் இராஜமலையில் எங்களுக்கு வழி காட்டிய முதுவர் ஒருவர் சொன்ன கதை அப்பொழுது நினைவுக்கு வந்தது. இம்மலையின் பழங்குடிகள் யார் என்று கேட்டால் எல்லாரும் முதுவரைத்தான் காட்டுவர். அம்முதுவரோ, தம் முன்னோர் மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகிலே சுமந்து மலையேறி வந்தவர்கள் என்றுதான் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பையனுக்கு அதை நினைவூட்டினேன். "அப்படியானால் முதல் பத்தியில் ஒருவருமே இல்லையா, மாமா?" என்றான். புல்லைத் தின்னும் பழுப்புப் பூச்சிகள் இருக்கின்றன என்றேன். அவன் சிரித்துவிட்டான், அவன் தாய் சிரிக்கவில்லை.

மனிதர்க்கும் பூச்சிகளுக்கும் ஒரே பட்டியல் போடுவது தவறு என்பது என் எண்ணம். பூச்சிகளுக்குள்ளேயும் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்தபின் என்ன நடந்தது என்பதையே பார்க்க வேண்டும். ஐப்பசியில் நான் எங்கள் யார்டில் காண்பதுண்டு: கறுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும் கொண்டவையும், அவற்றோடு பழுப்புக் கறுப்பானவையும், கூட்டம் கூட்டமாக மேற்கு நோக்கிப் பறக்கும். கோடையின் முடிவில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னதாக இவ்வினங்கள் மலையிலிருந்து கிழக்குச் சமவெளிக்குப் போகின்றன. வடகிழக்குப் பருவத்தை ஒட்டி மலைக்குத் திரும்புகின்றன. ஒரு பூச்சியின் ஆயுள் சில மாதமே. போனதே திரும்பி வருகிறதா, அதன் மக்கள் வருகின்றனவா என்று கேட்டால், பெரும்பாலும் மக்களே. கேரளத்தின் மாநில வண்ணத்துப் பூச்சி புத்தமயூரி, 2018-ல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டினுடையது தமிழ் மறவன், 2019-ல் அறிவித்தார்கள். எல்லைக்கு இருபுறத்துக் காடுகளிலும் இரண்டும் பறக்கின்றன. முன்னதன் புழுவுக்கு முள்ளிலம் மரம் வேண்டும், பின்னதன் புழுவுக்கு மரோட்டி இனத்து மரம் வேண்டும். அம்மரங்கள் எந்த மாநிலத்தில் நிற்கின்றன என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை.

நான் கவலைப்படுவது புல்லைப் பற்றி. தேயிலையைக் குறை கூற எனக்கு நாவு எழாது. எங்கள் மூன்று தலைமுறைச் சோறு அதில் விளைந்தது. ஆனால் தேயிலை ஆலைகளின் விறகுக்காகவும், பிற்காலத்தில் காகித, ரேயான் ஆலைகளின் கூழுக்காகவும், "வெறும் புல்தானே" என்று எண்ணிப் புல்வெளிகளில் கிராண்டிஸ் மரத்தையும் வாட்டில் என்னும் சீகை மரத்தையும் நட்டுவிட்டார்கள். இவ்விரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சீகை, நட்ட இடத்தில் நில்லாமல் தானே பரவுகிறது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் மறைந்துவிட்டது என்று 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று காடு போலத்தான் இருக்கிறது. கீழே புல் இல்லை. வயலட் செடி இல்லை. கடலில் ஒரு தீவு மூழ்கினால் ஊரெல்லாம் பேசும். இந்தத் தீவுகள் மரம் நட்டு மூழ்கடிக்கப்பட்டன. ஆதலால் ஒருவரும் பேசவில்லை.

வட்டவடைப் பக்கம் போனவர்களுக்கு, கிராண்டிஸ் வந்தபின் ஊற்று வற்றிய கதையை அவ்வூரார் சொல்லியிருப்பார்கள். அங்கே ஆனைமுடிச் சோலைத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த பழத்தோட்டம் என்னும் இடத்தில், சீகை மரங்கள் போன நிலத்தில் இம்மலைக்கு உரிய புல் வகைகளையே மீண்டும் நட்டு வளர்க்கும் வேலையை வனத்துறையார் அண்மை ஆண்டுகளில் உள்ளூர் மக்களைக் கொண்டு செய்து வருகிறார்கள். என் அத்தானின் தங்கை ஒருத்தி அந்த வேலைக்குப் போய் வந்தவள். பூஜைக்கு லயத்திற்கு வந்திருந்த அவளிடம் பையன் துருவித் துருவிக் கேட்டான். பழைய புல்வெளியிலிருந்து புல்லை வேரோடு கொண்டுவந்து, கட்டு கட்டாகப் பிரித்து, சரிவில் வரிசையாக நடுவார்களாம். நாற்று நடுவது போலத்தான். ஆனால் வயலில் அல்லாமல் மலைச்சரிவில், குளிர் காற்றில். இடையில் முளைக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்குமென்பதால், அந்தப் பிடுங்கும் வேலைக்கு முடிவே கிடையாது. "புல்லை நடுவதற்குக் கூலி கொடுக்கிறார்கள் என்று முதலில் நாங்களே சிரித்தோம்" என்றாள் அவள். "எங்கள் பாட்டன்மார் மரத்தை நடுவதற்குக் கூலி வாங்கினார்கள், நாங்கள் புல்லை நடுவதற்கு வாங்குகிறோம்."

"பழுப்பு வண்ணத்துப் பூச்சி அங்கே வந்ததா, அத்தை?" என்று கேட்டான் பையன். அவள் கவனித்ததில்லை. இனிமேல் பார்த்துச் சொல்வதாக வாக்களித்தாள். சிறகின் செம்மை வட்டத்தை அவளுக்கு அவன் பென்சிலால் வரைந்து காட்டினான்.

நான் பாலக்காடு திரும்பும்போது நோட்டில் இரண்டாம் பத்தி நிரம்பி வழிந்தது. முதல் பத்தியில் ஏழெட்டுப் பெயர்கள். கொழுந்துச் சுருட்டிப் புழுவை இரண்டு பத்திக்கும் நடுவே கோட்டின் மேல் எழுதியிருந்தான். அதற்கு ஆசிரியை சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இட்டு, பின்னர் அதை அடித்துவிட்டுச் சரி என்று போட்டிருக்கிறாராம். பழத்தோட்டத்துக்கென்று ஒரு பக்கத்தை அவன் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறான். வருகிற புரட்டாசியில் அனுமதி வாங்கி அத்தையோடு போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கும் விடுப்புக் கிடைத்தால் நானும் போவேன்.